எலிகளின் மீயொலிக் குரலைக் கணினியில் ஆராய: சேலத்து ஆய்வு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

தாயிடமிருந்து பிரித்துக் கிண்ணத்தில் வைத்த ஆறு நாள் சுண்டெலிக் குட்டி விடாமல் குரல் கொடுக்கும். பக்கத்தில் நிற்கும் நமக்கு ஒன்றும் கேட்காது. மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸோடு முடிகிறது. குட்டியின் குரல் அதற்கு வெகு மேலே இருக்கிறது. இப்படி நம் காதுக்கு எட்டாத உயர் ஒலியைத்தான் மீயொலி என்கிறோம். அந்தக் குரலைப் பதிவு செய்து, எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த அதிர்வெண்ணில் என்று கணினியை எண்ணவைப்பது பதற்றம், வலி, நரம்பு வளர்ச்சிக் குறைபாடு, மருந்தின் விளைவு ஆகியவற்றை ஆராய்பவர்களுக்குப் பெரிய உதவி. விலங்குக்கு ஊசி போடாமல் அதன் நிலையை அறியும் வழி இது.

சேலத்தில் இருந்துகொண்டு இந்த வேலையை நான் துண்டு துண்டாகத்தான் கற்றேன். மென்பொருளுக்கு விளக்கக் குறிப்புகள் இருக்கின்றன. எந்தத் தாள் முதலில் வேண்டும், கருவி வர எவ்வளவு காலம் ஆகும், அறையில் எதை அணைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை. மாவட்டத்தில் பார்மசி, விலங்கியல், உயிரித் தொழில்நுட்பம் படித்துக்கொண்டு இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடிவின் தரத்தில் பெரும்பகுதி மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

1. எந்த விலங்கு, எந்த வயது, எந்தக் குரல்

கருவி வாங்குவதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். சுண்டெலியின் குரல் ஏறக்குறைய 30 முதல் 110 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். குட்டிகள் தனிமையில் கத்துவது பிறந்த முதல் இரண்டு வாரங்களில்தான். பல இனங்களில் ஐந்திலிருந்து எட்டு நாள் வயதில் உச்சத்தில் இருந்து, பிறகு குறைந்து நின்றுவிடும். வளர்ந்த ஆண் சுண்டெலி பெண்ணின் அருகிலோ அதன் வாசனையிலோ நீண்ட தொடர்களாகக் குரல் எழுப்பும்.

விஸ்தார் போன்ற பெரிய எலிகளின் கதை வேறு. அச்சத்திலும் வேதனையிலும் அவை 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் நீளமாக, சில சமயம் ஒரு நொடிக்கும் மேலாக ஒரே மட்டத்தில் கத்தும். விளையாட்டிலும் இணைசேரும்போதும் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் நொடியின் சிறு பகுதியே நீடிக்கும் குறுகிய குரல்கள் வரும். எலிக்குட்டியின் தனிமைக் குரல் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுண்டெலிக்கான வழிமுறைகள் பெரும்பாலும் 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடச் சொல்லும். அதை அப்படியே விஸ்தார் எலிக்குப் பயன்படுத்தினால் 22 கிலோஹெர்ட்ஸ் அச்சக் குரல் முழுவதும் காணாமல் போகும். "இந்த மருந்து கொடுத்த எலிகள் அஞ்சவே இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதும் நிலை வரும். பெரிய எலி என்றால் கீழ் வரம்பை 18 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

2. விலங்கைத் தொடும் முன் அனுமதி

"வெறும் ஒலிப்பதிவுதானே, அனுமதி எதற்கு?" என்ற கேள்வியைப் பல துறைகளில் கேட்கிறேன். குட்டியைத் தாயிடமிருந்து ஐந்து நிமிடம் பிரிப்பதும் பரிசோதனைதான். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்க அமைந்த மத்தியக் குழுவில் உங்கள் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தக் குழு இன்று சி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்படுகிறது, பழைய படிவங்களில் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்றே இருக்கும், இரண்டும் ஒன்றுதான். எலி, சுண்டெலி ஆய்வுகளுக்கு நிறுவனத்துக்குள் இருக்கும் விலங்கு நெறிமுறைக் குழுவே அனுமதி தரும். விண்ணப்பம் படிவம் "பி".

கையில் இருக்க வேண்டியவை:

- ஆய்வு வழிகாட்டியின் கையொப்பத்துடன் நிரப்பிய படிவம் பி
- எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை என்பதற்கான புள்ளியியல் கணக்கு
- விலங்குகள் வாங்கும் இனப்பெருக்க நிலையத்தின் பதிவு விவரம்
- பிரித்து வைக்கும் நேரம், அப்போதைய அறை வெப்பநிலை, குட்டியைத் திரும்பச் சேர்க்கும் முறை
- ஆய்வு முடிந்தபின் விலங்குகளுக்கு என்ன ஆகும் என்ற விவரம்

குழு திருப்பி அனுப்பும் விண்ணப்பங்களில் அடிக்கடி குறையாக இருப்பது இரண்டாவது தாள். "ஒரு குழுவுக்கு ஆறு விலங்கு" என்று பழக்கத்தில் எழுதாதீர்கள். முந்தைய ஆய்வுகளில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தது என்பதைக் காட்டிக் கணக்குப் போடுங்கள்.

குழு ஆண்டு முழுவதும் கூடிக்கொண்டே இருப்பதில்லை. அடுத்த கூட்டத்தின் தேதியையும் விண்ணப்பம் சேர வேண்டிய கடைசி நாளையும் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடலாம். விண்ணப்பத்திலிருந்து அனுமதிக் கடிதம் வரை மூன்று மாதம் ஒதுக்குவது பாதுகாப்பு. உங்கள் கல்லூரிக்குப் பதிவே இல்லையென்றால், பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றோடு கூட்டாகச் செய்ய வேண்டும். அதற்கான ஒப்புதல் கடிதத்துக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. உங்கள் துறையில் ஏற்கெனவே அனுமதி பெற்று நடக்கும் ஆய்வு ஏதாவது இருந்தால், அதில் ஒலிப்பதிவைச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். புதிதாக ஒரு விலங்குகூடத் தேவைப்படாது. குழுவும் அதை விரும்பும்.

அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களைச் சும்மா கழிக்காதீர்கள். சுண்டெலிக் குரல்களுக்கென்றே மவுஸ்டியூப் என்ற பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. பல மென்பொருள்களும் மாதிரிப் பதிவுகளோடு வருகின்றன. ஆறாம், ஏழாம் படிகள் முழுவதையும் அவற்றைக் கொண்டே பழகலாம். முதுகலைத் திட்டக் கட்டுரை என்றால் பொதுப் பதிவுகளை வைத்தே முழு வேலையையும் முடித்துவிடலாம்.

3. ஒலிவாங்கி: எவ்வளவு செலவு, எப்போது வரும்

கணக்கு எளிது. எந்த அதிர்வெண்ணைப் பிடிக்க வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி வீதம் (கருவி ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) வேண்டும். செல்பேசியும் மடிக்கணினியும் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்வதால் 24க்கு மேல் எதையும் பிடிக்காது. 192 கிலோஹெர்ட்ஸ் கருவி 96 வரைதான் போகும். சுண்டெலிக் குரலின் மேல் பகுதி வெட்டுப்படும். 250 கிலோஹெர்ட்ஸை இந்த வேலைக்குக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியோமோத் என்ற சிறு கருவி வனவிலங்கு ஆய்வாளர்களுக்காக உருவானது. 250, 384 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் பதிவு செய்யும், விலையும் நூறு டாலர் அளவிலேயே நிற்கும். நுண்ணிய சிப் வகை ஒலிவாங்கி என்பதால் மெல்லிய குரல்கள் சில தவறலாம். ஆனால் பழகுவதற்கும், கிண்ணத்துக்குக் கிட்டத்தில் வைத்துக் குட்டிகளைப் பதிவு செய்வதற்கும் போதும். அடுத்த நிலையில் டோடோட்ரானிக், பெட்டர்சன் நிறுவனங்களின் யூ.எஸ்.பி. ஒலிவாங்கிகள், கணினியில் செருகியவுடன் திரையிலேயே குரலைப் பார்க்கலாம். உலகெங்கும் ஆய்வகங்களில் பரவலாக இருப்பது அவிசாஃப்ட் கருவித் தொகுப்பு. அது லட்சங்களில் செலவு வைக்கும். முதல் ஆண்டு மாணவருக்கு முதல் இரண்டில் ஒன்றே போதும் என்பது என் கருத்து.

அறிவிக்கப்பட்ட விலையோடு செலவு நின்றுவிடாது. அனுப்பும் கட்டணம், சுங்கம், ஜி.எஸ்.டி., வங்கிக் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதித்தரச் சொல்லி விலைப்புள்ளி வாங்குங்கள். கல்லூரி நிதியில் வாங்கினால் மூன்று விலைப்புள்ளிகள் கேட்பார்கள். ஒரே நிறுவனம் மட்டும் தயாரிக்கும் பொருள் என்றால் அதற்கான சான்றிதழைத் தயாரிப்பாளரிடமிருந்து முன்கூட்டியே வாங்கிவையுங்கள். அரசு நிறுவனமாக இருந்தால் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் அந்தப் பொருள் கிடைக்கவில்லை என்ற அறிக்கையையும் இணைக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு தாள் இல்லாததால் கோப்பு மேசையிலேயே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆணை கொடுத்ததிலிருந்து கையில் வர எட்டு வாரம் என்று திட்டமிடுங்கள்.

கருவியை வேறொரு ஆய்வகத்திலிருந்து கடன் வாங்குவதும் நல்ல வழி. சேலம் சந்திப்பிலிருந்து பெங்களூரு, கோவை, சென்னை மூன்றும் ஒரு நாளில் போய்வரும் தூரம். இரு துறைத் தலைவர்களின் கையொப்பத்துடன் கடன் கடிதம், கருவியின் வரிசை எண் குறித்த வெளியேற்றுச் சீட்டு இரண்டும் இருக்கட்டும்.

கருவி வந்தவுடன் சோதிக்க விலங்கு தேவையில்லை. சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், விரல்களை ஒன்றோடொன்று தேயுங்கள். இரண்டிலுமே மீயொலி உண்டு. இன்னும் நல்ல சோதனைக்கு மாலையில் ஏற்காடு அடிவாரத்துக்குப் போய்த் தெருவிளக்கின் கீழ் நின்று பதிவு செய்யுங்கள். பூச்சி பிடிக்க வரும் சிறு வௌவால்களின் ஒலி, எலிக்குரல் இருக்கும் அதே அதிர்வெண் பகுதியில்தான் வருகிறது. ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலித்தது என்று காட்டும் படம்) அந்தக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கருவி சரியாக வேலை செய்கிறது. ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களிடம் இந்தச் சோதனை பலிக்காது; அவை எதிரொலி கொண்டு வழி தேடுவதில்லை.

4. அறையைக் காதால் அளக்காதீர்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

நம் காதுக்குத் தொல்லையான பல ஓசைகள் இந்த வேலைக்குப் பெரிய இடையூறு செய்வதில்லை. விசைத்தறியின் சத்தமும் கல்யாண மண்டப ஒலிபெருக்கியும் சுவரைத் தாண்டி வரும்போது அவற்றின் மீயொலிப் பகுதி அநேகமாக அற்றுப்போய்விடுகிறது. மிஞ்சும் தாழ் ஒலியை வடிகட்டிவிடலாம். ஆனால் அந்த ஓசை விலங்கைக் கலவரப்படுத்தும். அதனால் எல்லா விலங்குகளுக்கும் ஒரே மாதிரி சூழல் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையான தொல்லை நமக்கு அமைதியாகத் தோன்றும் அறைக்குள்ளேயே இருக்கிறது. எல்.இ.டி. குழல் விளக்குகளின் மின்சுற்று, மடிக்கணினியின் சார்ஜர், இன்வர்ட்டர், கண்காணிப்புக் கேமரா போன்றவை 20 முதல் 100 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்காவது ஒரு நேர்கோட்டை வரைந்துவைக்கும். பக்கத்து மேசையில் கண்ணாடிப் பொருள்களைக் கழுவும் மீயொலிக் கழுவுத்தொட்டி ஓடினால் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டிப் பெரும் பட்டை விழும். அது எலிக்குட்டியின் குரல் வரும் இடமேதான். எலி விரட்டி என்று கடைகளில் விற்கும் மின்கருவி விலங்குக் கூடத்தின் வராந்தாவில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை செய்யும் முறை இது. விலங்கு இல்லாத அறையில் பதிவைத் தொடங்குங்கள். எல்லாம் ஓடும் நிலையில் ஒரு நிமிடம். பிறகு ஒவ்வொன்றாக அணையுங்கள்: விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், சார்ஜர், கேமரா. ஒவ்வொன்றையும் அணைக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பெக்ட்ரோகிராமில் எந்தக் கோடு எப்போது மறைகிறது என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுவதாலேயே பாதித் தொல்லை தீரும் அறைகள் உண்டு.

அறைக்குள் வருகிறவரின் உடலிலும் ஒலி இருக்கிறது. வெள்ளிக் கொலுசு, கண்ணாடி வளையல், சாவிக்கொத்து, பிளாஸ்டிக் பை எல்லாமே மீயொலித் துணுக்குகளை உதிர்க்கும். கொலுசு செய்து நாடெங்கும் அனுப்பும் ஊரில் இதைச் சொல்லியாக வேண்டும். பதிவு அறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள். கையுறையைக் கழற்றும் சரசரப்பும் திரையில் குரல் போலவே தெரியும். கையுறையைப் பதிவுக்கு முன்பே மாட்டி, முடிந்தபின் கழற்றுங்கள்.

தனி ஒலிப்பெட்டி வேண்டுமென்றால் உள்ளூர்த் தச்சரிடம் ஒட்டுப்பலகைப் பெட்டி செய்து, உள்ளே தடித்த நுரைத் தாள் ஒட்டினால் போதும். உயர் அதிர்வெண் ஒலியை நுரை நன்றாக உறிஞ்சும். விலங்குக்குக் காற்று போக வழி விடுங்கள்; நுரையை அது கடிக்காதபடி உள்கிண்ணம் வையுங்கள். நுரை ஒட்டாத பெட்டியில் எதிரொலி எழும்பி ஒரே குரல் இரண்டாகத் தெரியும். கணினியும் இரண்டு என்றே எண்ணும்.

மின்தடை நாள்களை முன்பே பாருங்கள். மின் வாரியம் மாதாந்திரப் பராமரிப்புத் தேதிகளை நாளிதழில் அறிவிக்கிறது. அந்த நாளில் அறை இன்வர்ட்டரில் ஓடும். அதன் கோடு பதிவில் ஏறும், குளிர்சாதனமும் நிற்கும். உடல் குளிர்வதைப் பொறுத்துக் குட்டிகளின் குரல் எண்ணிக்கை மாறும் என்பதால் அறை வெப்பநிலை மாறினால் முடிவும் மாறும். விலங்குக் கூடத்துக்கு அரசு வழிகாட்டுதல் 18 முதல் 29 டிகிரி வரை அனுமதிக்கிறது. இந்த ஆய்வுக்கு அந்த இடைவெளி மிக அகலம். ஒரே வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பதிவின்போதும் தெர்மாமீட்டர் அளவைக் குறியுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரு குழுவையும் மார்கழியில் மற்றொரு குழுவையும் பதிவு செய்துவிட்டு இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

5. பதிவு நாள்

ஒலிவாங்கியைக் கிண்ணத்துக்கு மேலே 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிலையாகப் பொருத்துங்கள். எல்லாப் பதிவுக்கும் அதே உயரம். மரத்தூள் படுக்கையில் விலங்கு நடந்தால் சரசரக்கும் என்பதால் பருத்தித் துணி விரிப்பது நல்லது. ஒலிப்பெருக்க அளவை முதல் நாளே சரிசெய்து, பிறகு தொடாதீர்கள். உரத்த குரலின் முனை தட்டையாக வெட்டுப்பட்டால் ஸ்பெக்ட்ரோகிராமில் இல்லாத கோடுகள் முளைக்கும்.

தினமும் முதல் விலங்குக்கு முன் வெற்று அறையை இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது இந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.

250 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் பதிவுக்கு நிமிடத்துக்கு 30 மெகாபைட். நாற்பது குட்டிகளை ஐந்து நிமிடம் வீதம் பதிவு செய்தால் 6 ஜிகாபைட், பென்டிரைவிலேயே அடங்கிவிடும். நாள் முழுக்க ஓடும் பதிவு என்றால் 43 ஜிகாபைட்டைத் தாண்டும், தனி வட்டு வேண்டும். வேவ் கோப்பின் எல்லை 4 ஜிகாபைட் என்பதால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஒரே கோப்பாக ஓடவிடாதீர்கள்.

கோப்பை ஒருபோதும் எம்.பி.3 ஆக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பவும் வேண்டாம். மனிதக் காதுக்குத் தேவையில்லாததைத் தூக்கி எறிவதற்காகவே அந்தச் சுருக்கங்கள் அமைந்திருக்கின்றன. நமக்கு வேண்டியது முழுவதும் அதில் போய்விடும். மூலக் கோப்பை இரண்டு வட்டுகளில், இரண்டு கட்டடங்களில் வையுங்கள்.

கோப்பின் பெயரில் தேதி, ஈற்று எண் (ஒரே தாய் ஒரே முறை ஈன்ற குட்டிகள் ஓர் ஈற்று), குட்டி எண், வயது போதும். எந்தக் குழு, எந்த மருந்து என்பதை எழுதாதீர்கள். பிற்பாடு கண்ணால் சரிபார்ப்பவருக்கு அது தெரியக் கூடாது.

6. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

டீப்ஸ்க்வீக் 2019இல் வெளிவந்தது. ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் படமாக்கி, படத்துக்குள் பொருளைத் தேடும் நரம்பு வலையமைப்பைக் கொண்டு குரல்களைச் சுற்றிப் பெட்டி வரைகிறது. எலி, சுண்டெலி இரண்டுக்கும் பயிற்றுவித்த வலையமைப்புகள் இருக்கின்றன. உங்கள் பதிவைக் கொண்டு மறுபயிற்சியும் கொடுக்கலாம். வோக்கல்மேட் 2021இல் வந்தது. சுண்டெலிக் குரலைக் கண்டுபிடித்து 11 வகைகளாகப் பிரிக்கும், இரைச்சலைத் தனியே ஒதுக்கும். யூ.எஸ்.வி.செக் நரம்பு வலையமைப்பு இல்லாமல் ஒலிச் செயலாக்கத்தாலேயே குரலைப் பிரித்தெடுக்கும். பழைய கணினியிலும் ஓடும். மூன்றுமே இலவசம்.

ஆனால் மூன்றும் மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் மேல் நிற்கின்றன, மேட்லாப் இலவசமில்லை. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வளாக உரிமம் இருக்கிறதா என்று கணினி மையத்தில் கேளுங்கள். பல மாணவர்கள் இருப்பது தெரியாமலே சொந்தப் பணத்தைச் செலவிடுகிறார்கள். உரிமம் இருந்தாலும் அதில் சிக்னல் செயலாக்கம், படச் செயலாக்கம், புள்ளியியல், ஆழ்கற்றல், கணினிப் பார்வை ஆகிய துணைத் தொகுப்புகள் உண்டா என்று பெயர் பெயராகப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் டீப்ஸ்க்வீக் பாதியில் நின்றுவிடும். முப்பது நாள் சோதனை உரிமம் கிடைக்கும். பதிவுகள் எல்லாம் தயாராகும்வரை அதைத் தொடங்காதீர்கள்.

மேட்லாப் கிடைக்கவே வழியில்லை என்றால் பைத்தானில் இயங்கும் டீப் ஆடியோ செக்மென்ட்டர் இருக்கிறது. இணையத்திலேயே நிரலை ஓட்டும் கூகுள் கோலாபில் இலவசமாக ஓட்டலாம். கட்டளை எழுதிப் பழக ஒரு மாதம் பிடிக்கும். அந்த மாதம் வீணாகாது. வெறுமனே குரலைப் பார்க்க ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருள் போதும். வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஓட்டினால் 60 கிலோஹெர்ட்ஸ் குரல் 6 கிலோஹெர்ட்ஸில் உங்கள் காதுக்கே கேட்கும். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதன்பின் திரையில் வரும் கோடுகளை யாரும் அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்பெக்ட்ரோகிராம் அமைப்பில் 250 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்கு 512 புள்ளிச் சாளரம் (ஒரே தடவையில் சேர்த்துக் கணக்கிடும் ஒலித்துண்டின் நீளம்) வைத்தால் அதிர்வெண்ணில் சுமார் 490 ஹெர்ட்ஸ், காலத்தில் சுமார் 2 மில்லிநொடி நுணுக்கம் கிடைக்கும். குறுகிய குரல்களுக்கு இது பொருத்தம்.

7. கையால் எண்ணாமல் கணினியை நம்பாதீர்கள்

மென்பொருள் கட்டுரைகளில் இருக்கும் துல்லிய விழுக்காடுகள் அவர்களின் அறை, அவர்களின் ஒலிவாங்கி, அவர்களின் விலங்கினத்துக்கு உரியவை. நம் பகுதியில் அதிகம் பயன்படும் சுவிஸ் அல்பினோ சுண்டெலியை, நம் விளக்கின் கீழ், வேறு ஒலிவாங்கியில் பதிவு செய்யும்போது அந்த எண் உங்களுக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாக் குழுக்களிலிருந்தும் சேர்த்து, மொத்தப் பதிவில் பத்தில் ஒரு பங்கைக் குலுக்கல் முறையில் எடுங்கள். அதை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாக, ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல், குரலுக்குக் குரல் குறியுங்கள். இருவரும் வேறுபடும் இடங்களை உட்கார்ந்து பேசுங்கள்; எது குரல், எது இல்லை என்ற விதி அங்கேதான் உருவாகும். அந்த விதியை எழுதிவையுங்கள்.

பிறகு மென்பொருளின் முடிவோடு ஒப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக, கையால் எண்ணியதில் 200 குரல்கள். மென்பொருள் 230 என்கிறது, அதில் உண்மையானவை 170. அப்படியானால் அது கண்டதில் 74 விழுக்காடு சரி, இருந்ததில் 85 விழுக்காட்டைக் கண்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் 200க்கு 230 என்பது சுமாரான பொருத்தமாகத் தோன்றி, உள்ளே இருக்கும் 60 பொய்க் குரல்களையும் விடுபட்ட 30 குரல்களையும் மறைத்துவிடும்.

இதைவிட ஆபத்தானது, பிழை ஒரு குழுவில் கூடுதலாக இருப்பது. மருந்து கொடுத்த விலங்குகள் அதிகம் நடமாடினால் சரசரப்பு அதிகம். சரசரப்பைக் குரலாக எண்ணும் மென்பொருள் அந்தக் குழு அதிகம் கத்தியதாகக் காட்டும். ஆகவே துல்லியத்தைக் குழுவாரியாகக் கணக்கிடுங்கள்.

பெரிய எலிகளுக்குத் தனி எச்சரிக்கை: 22 கிலோஹெர்ட்ஸ் அச்சக் குரலும் மின்சுற்றின் கோடும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். குரலுக்குத் தொடக்கமும் முடிவும் மூச்சு வாங்கும் இடைவெளியும் இருக்கும்; உற்றுப் பார்த்தால் கோடு மெல்ல இறங்குவதும் அசைவதும் தெரியும். மின்கோடு நூல் பிடித்தாற்போல அதே இடத்தில் நிற்கும், வெற்று அறைப் பதிவிலும் இருக்கும்.

எண்கள் திருப்தியாக இல்லையென்றால் மறுபயிற்சி கொடுங்கள். பயிற்சிக்கு எடுத்த விலங்கின் பதிவைச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே குட்டியின் குரல்களைப் பாதி பயிற்சிக்கும் பாதி சோதனைக்கும் பிரித்தால் துல்லியம் பொய்யாக உயரும். விலங்கு விலங்காகப் பிரியுங்கள். முடிந்தால் ஈற்று ஈற்றாக.

8. எண்ணிக்கையிலிருந்து முடிவுக்கு

பத்துக் குட்டிகளிடமிருந்து மூவாயிரம் குரல்கள் கிடைத்தால் உங்கள் மாதிரி அளவு மூவாயிரம் ஆகிவிடாது. ஒரே தாயின் குட்டிகள் ஒன்றுபோல நடந்துகொள்வதால் பத்து என்பதும் பல சமயம் அதிகம்தான். ஈற்றைக் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரி (மிக்ஸ்டு மாடல்) என்ற புள்ளியியல் முறையை ஆசிரியரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி இது.

குரல் வகைகள் விஷயத்தில் அடக்கம் வேண்டும். ஒரு மென்பொருளின் 11 வகையை இன்னொன்றின் வகைகளோடு நேரடியாக ஒப்பிட முடியாது. எண்ணிக்கை, கால அளவு, சராசரி அதிர்வெண் ஆகிய மூன்றையும் முதலில் உறுதியாகச் சொல்லுங்கள். வகைகள் அதற்குப் பிறகு. இரண்டு விலங்குகள் ஒன்றாக இருந்த பதிவில் எது கத்தியது என்று ஒற்றை ஒலிவாங்கியால் சொல்ல முடியாது. ஆண், பெண் சேர்ந்திருக்கும்போது பெண்ணும் குரல் கொடுக்கிறது. "ஆண் இத்தனை முறை" என்று எழுதாமல் "இணை இத்தனை முறை" என்று எழுதுங்கள்.

9. நாள்காட்டி

ஜூனில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே நெறிமுறை விண்ணப்பமும் கருவிக்கான விலைப்புள்ளிக் கடிதமும் ஒன்றாகப் போகட்டும். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று காத்திருந்தால் ஆண்டு ஓடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பொதுப் பதிவுகளைக் கொண்டு மென்பொருள் பயிற்சி. கருவி வந்ததும் அறைச் சோதனைக்கு இரண்டு வாரம். அனுமதி வந்தபின் முன்னோட்டமாக ஓர் ஈற்று மட்டும் பதிவு செய்து, ஏழாம் படியை முழுவதும் முடித்துப் பாருங்கள். சரியாக வந்தால் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முழுப் பதிவையும் முடித்துவிடலாம். வெயிலும் அவ்வளவு இருக்காது. கையால் எண்ணுவதற்கு ஒரு முழு மாதம் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடப் பதிவை ஒழுங்காகக் குறிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் அனுமதிக் கடித எண், ஒலிவாங்கியின் மாடல் பெயர், மாதிரி வீதம், உயரம், அறை வெப்பநிலை, மென்பொருளின் பதிப்பு எண், கீழ் மேல் வரம்புகள், உங்கள் இரண்டு துல்லிய எண்கள் ஆகியவை தவறாமல் இருக்கட்டும். பதிப்பு எண்ணைப் பதிவு தொடங்கும் அன்றே குறித்து, ஆய்வு முடியும்வரை மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருங்கள்.